வறண்ட கிணற்றில் நாகஜோதியின் முறை

தண்ணீர் இல்லாத கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அனுமந்தன்பட்டிக்கு மேற்கே, மலையிலிருந்து இறங்குகிற ஓடையை ஒட்டிய செம்மண் காட்டில் அந்தக் கிணறு இருக்கிறது. மூன்று நாளைக்கு ஒரு தடவை, பொழுது விடிந்ததும் நாகஜோதி ஒரு தகர வாளியும் கயிறுமாக வருவாள். வாளியை இறக்குவாள். அடியில் பாறையில் மோதி டங்கென்று சத்தம் வரும். காலி வாளியை மேலே இழுத்து, கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, யாராவது ஒருவருடைய திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வெட்டக் கிளம்பிவிடுவாள்.

முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னத்தா, காத்தையா எறைக்கிற?” என்று கேட்டேன்.

“இன்னைக்கு என் முறைண்ணே,” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் தவசி. உத்தமபாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவது, ஆழ்துளைப் போரில் சிக்கிய மோட்டாரை மேலே தூக்குவது, ஸ்டார்ட்டர் பெட்டி மாட்டுவது என் தொழில். பள்ளத்தாக்கில் தண்ணீர் கீழே போகப் போகத்தான் தவசி வீட்டில் மாடி ஏறுகிறது என்று நாகஜோதியின் வீட்டுக்காரர் சுருளியாண்டி கேலி செய்வார். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் அவருடையது. வளைவுக்கு வளைவு பேசிக்கொண்டே ஓட்டுகிற மனிதர், என்னை மட்டும் விட்டுவைப்பாரா? அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

முறை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது கூட்டுக் கிணறு, மூன்று பங்கு. ஒரு பங்கு நாகஜோதியின் அப்பாவுடையது. இன்னொன்று அவளுடைய பெரியப்பா மகன் ஈஸ்வரபாண்டிக்கு, மற்றது சித்தப்பா மகன் பலவேசத்துக்கு. ஆளுக்கு ஒரு நாள். விடிந்தால் முறை மாறும். ஒருவர் முறையில் அடுத்தவர் ஒரு செம்பைக்கூட உள்ளே இறக்கக் கூடாது. இதற்காக மண்டை உடைந்த கதைகள் எல்லாக் கிணற்று மேட்டிலும் உண்டு. ரொம்ப நாள் முறையை எடுக்காமல் விட்டால் பங்கே போய்விடும் என்பது இங்கே வழக்கு. சட்டம் என்ன சொல்லுமோ எனக்குத் தெரியாது, ஊர் இப்படித்தான் சொல்லும். அதனால்தான் நாகஜோதி வெறும் வாளியை இறக்கி வெறும் வாளியைத் தூக்கினாள். கிணறு போய்விட்டால் கிணற்றடியில் அவளுக்கு இருக்கிற பன்னீர் திராட்சைக் காடு வெறும் மண். பந்தலில் ஏற்கெனவே பாதிக் கொடி காய்ந்து சுள்ளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அவள் ஒரே பிள்ளை, அவர் விட்டுப்போனது அந்தக் காடும் அந்தப் பங்கும்தான்.

கிணறு தானாக வற்றவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் வந்து ஈஸ்வரபாண்டியின் வாழைக்காட்டில் சுற்றிச்சுற்றி நடந்தார். தேங்காய் எங்கே எழுந்து நின்றது தெரியுமா? கிணற்றிலிருந்து கல்லெறி தூரத்தில். தண்ணீர் இருக்கிற கிணற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லத் தேங்காய் எதற்கு? போர் வண்டி வந்தது, துளை விழுந்தது, கிணறு இறங்கியது. பலவேசமும் தன் பங்குக்கு ஒரு போர் போட்டான். மேட்டிலிருந்த மற்றவர்களும் போட்டார்கள். ஒருவன் ஐந்நூறு அடி போனால் அடுத்தவன் எண்ணூறு போனான். நாகஜோதியின் அப்பாவும் உயிரோடிருந்தபோது போட்டுப் பார்த்தார், புழுதிதான் பறந்தது.

போதாததற்கு ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் ஆட்டோவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓடும். வாழைக்குத் தண்ணீர் போதும் என்று மோட்டாருக்கு எப்படித் தெரியும்? பாத்தி நிறைந்து, வரப்பு தாண்டி, வண்டிப்பாதையில் ஓடும். நான் அதில் கால் நனைத்துக்கொண்டுதான் அடுத்த காட்டுக்கு மோட்டார் தூக்கப் போவேன்.

மழையாவது ஒழுங்காக இருந்ததா? முன்பெல்லாம் ஆடி வந்தால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாரல் நாள்கணக்கில் பொசுபொசுவென்று விழும், மண் நிதானமாகக் குடிக்கும். இப்போது ஆடியில் காற்று மட்டும் அடிக்கிறது. பிறகு ஏதாவது ஒரு மத்தியானம், மூன்று மாதத்து மழையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. ஓடை சிவப்பாக வந்து, பொழுது சாய்வதற்குள் ஆற்றோடு போய்விடுகிறது. மண்ணுக்கு வாய் திறக்கக்கூட நேரம் கிடைப்பதில்லை.

ஒரு நாள் ஈஸ்வரபாண்டியின் மோட்டார் ரூமில் நான் வேலையாக இருந்தேன். அவர் நாகஜோதியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பலவேசமும் நின்றான்.

“ஏத்தா, அந்தப் பாழுங்கெணத்த மூடிரலாம்னு இருக்கோம்,” என்றார் ஈஸ்வரபாண்டி. “வாழத்தாரு ஏத்த லாரி வந்தா உள்ள திரும்ப எடமில்ல. மூடிட்டா அங்கன ஒரு பேக்கிங் செட்டும் போட்டுக்கலாம். ஒனக்கும் அதுல ஒரு ஓரம் ஒதுக்குறேன்.”

“எனக்குக் கெணத்துல ஓரம் இல்லண்ணே. பங்கு இருக்கு.”

“எந்தத் தண்ணியில பங்கு? ஆடு விழுந்து சாகத்தான் அது லாயக்கு.”

“விழுந்தா என் ஆடுதான விழும். நீங்க ஏன் வெசனப்படுறீக?”

பலவேசம் தரையைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, யோசிச்சுச் சொல்லு,” என்றான்.

“யோசிச்சுத்தான்டா சொல்லுறேன்.”

ஈஸ்வரபாண்டிக்கு முகம் கறுத்தது. “பொம்பளப் பிள்ளைக்குக் கெணத்துல பங்கு குடுத்ததே தப்பு,” என்றார்.

“குடுத்தது நீங்க இல்லண்ணே, எங்கப்பா. அவுககிட்டப் போயிக் கேளுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அவளுடைய அப்பா செத்து வெகுகாலம். நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன், சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் ஓடை கரையை உடைத்துக்கொண்டு நாகஜோதியின் காட்டில் பாய்ந்தது. பாதித் தண்ணீர் கிணற்றில் விழுந்தது. படிக்கட்டு பாதிக்கு முழுகியது. ஊரே எட்டிப் பார்த்தது. ஒரு வாரம்கூட நிற்கவில்லை, மளமளவென்று இறங்கிக் காணாமல் போய்விட்டது. ஓட்டைக் கிணறு என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அதே வாரத்தில், இருமி இருமிக் காற்றைத் துப்பிக்கொண்டிருந்த ஈஸ்வரபாண்டியின் போர் குழாய் நிறையக் கொட்டியது. அவர் கங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம். போர்க் குழாய்க்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டு, பொங்கல் வைத்து ஊரைக் கூப்பிட்டார். எனக்கும் இலை போட்டார்கள். நாகஜோதியும் வந்திருந்தாள். பொங்கலைப் பொறுமையாகச் சாப்பிட்டாள். கை கழுவ அந்தக் குழாயடிக்கே போனவள், மாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாலைய எடம் மாத்திப் போட்டுட்டீகண்ணே,” என்றாள். “அங்கன போட்டுருக்கணும்.” ஈரக் கையால் கிணற்றைக் காட்டினாள்.

கூட்டம் சிரித்தது. ஈஸ்வரபாண்டி சிரிக்கவில்லை. கிணற்றில் இறங்கிய தண்ணீர்தான் தன் குழாயில் வருகிறது என்று அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

மறுவாரமே அவள் மண்வெட்டியை எடுத்தாள். ஓடைக்கும் கிணற்றுக்கும் நடுவில் கிடக்கிற நிலம் அவளுடையது. அதில் வாய்க்கால் வெட்டினாள். கிணற்றோரம் ஒரு குழி தோண்டி, சகதி உள்ளே போகாதபடி கல்லும் மணலும் போட்டு நிரப்பினாள். வாய்க்கால் தலைப்பில் ஒரு மடைப்பலகை; தூக்கினால் ஓடைத் தண்ணீர் உள்ளே வரும், இறக்கினால் நின்றுவிடும். சுருளியாண்டி ஜீப் ஓடாத நாள்களில் வந்து, முதுகு போச்சு இடுப்பு போச்சு என்று புலம்பிக்கொண்டே வெட்டினார். “மலையில ஏத்தத்துல ஜீப் ஓட்டிருவேன், இவ மனசுல ஓட்ட முடியாது தவசி,” என்றார் என்னிடம். சொல்லிவிட்டு மறுபடியும் வெட்டத்தான் செய்தார்.

வேலை முடிகிற சமயத்தில் ஈஸ்வரபாண்டி கிணற்று மேட்டுக்கு வந்தார். பலவேசமும் நானும் அங்கே நின்றோம்.

“என் முறையன்னைக்குக் கெணத்துக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் பஞ்சாயத்துதான்,” என்றார். “எடுக்கவும் கூடாது, போடவும் கூடாது. முறைன்னா முறைதான்.”

இது வீம்புக்குச் சொன்ன பேச்சு. வேறு எதற்கும் இல்லை.

“சரிண்ணே,” என்றாள் நாகஜோதி. “ஒங்க முறையில நான் கை வைக்க மாட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க.”

அடுத்த மழை அவள் முறையன்று பெய்தது. பலகையைத் தூக்கினாள். ஓடைத் தண்ணீர் குழியில் நின்று தெளிந்து கிணற்றுக்குள் விழுந்த சத்தத்தை அவள் பொழுது இருட்டும் வரை உட்கார்ந்து கேட்டாளாம். உடனே இறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி தன் முறை வரும், அன்றைக்குக் கொடிக்குப் பாய்ச்சலாம் என்று விட்டுவிட்டாள். அந்த இரண்டு நாளும் மும்முனைக் கரண்டு தாராளமாக இருந்தது. ஈஸ்வரபாண்டியின் ஆட்டோவும் பலவேசத்தின் ஆட்டோவும் ஓய்வில்லாமல் ஓடின. அவள் முறைக்கு வாளியை இறக்கியபோது பழைய டங் சத்தம்தான் வந்தது.

அன்றைக்கு நேராக என் கடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“தவசியண்ணே, அந்த ஆட்டோவக் கழட்டுங்க.”

“அவரு மோட்டாரு, அவரு கரண்டு. நான் எப்பிடித்தா கழட்டுறது?”

“தண்ணி யாருது?”

நான் கையிலிருந்த செம்புக் கம்பியைச் சுற்றத் தொடங்கினேன். அவள் ஈஸ்வரபாண்டியிடமே போய்க் கேட்டாள். அவர், “பூமிக்கு அடியில வேலி போடச் சொல்லுறியா? கெணத்துலதான் முறை, போர்ல முறை கெடையாது,” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு அவள் செய்த காரியம்தான் ஊரை உலுக்கியது. மார்கழியில் தப்பித் தவறி ஒரு மழை வந்தது, அதுவும் அவள் முறையிலேயே. அவள் பலகையைத் தூக்கவில்லை. ஓடை தன் பாட்டுக்குப் போனது. தாகத்தில் கிடக்கிறவள் தண்ணீரை ஆற்றில் விடுகிறாளே, இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பெண்கள்கூடப் பேசினார்கள். வீட்டுக்கு வந்து அவள் அழுததைச் சுருளியாண்டி எனக்குச் சொன்னார். கொடிகளைப் பார்த்து அழுதாளாம். ஆனால், “நான் ஊத்துறது, அவுக உறிஞ்சுறதுன்னா, அதுக்குப் பேரு பங்கு இல்ல, ஊழியம். அதச் செய்ய மாட்டேன்,” என்றாளாம். அவளுடைய அழுகையும் பிடிவாதமும் தனித்தனி இல்லை. எனக்கு அது அப்போதுதான் புரிந்தது.

பிறகு வெயில். கால்வாயில் தண்ணீர் போகிற பக்கம் பச்சையாகத்தான் இருந்தது. லோயர் கேம்பில் இறங்குகிற பெரியாற்றுத் தண்ணீர் பள்ளத்துக்குப் பாயும், மேட்டுக்கு ஏறாது. மேட்டில் போர்கள் ஒவ்வொன்றாக இருமத் தொடங்கின. ஈஸ்வரபாண்டியின் வாழை தார் தள்ளுகிற நேரம். என்னைக் கூப்பிட்டு மோட்டாரை இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்றார்.

“இனி எறக்கக் கொழாய் இருக்கு, போர் இல்லண்ணே. மோட்டாரு தரையில ஒக்காந்துருச்சு,” என்றேன்.

அவர் தாரைத் தொட்டுப் பார்த்தார். பிஞ்சு விரல் மாதிரி காய்கள். அன்றைக்கு எனக்கே அவர்மேல் பாவமாக இருந்தது.

சித்திரை முடிகிற சமயம், ஒரு மத்தியானம் நான் அவர் காட்டில் மோட்டார் தூக்கிக்கொண்டிருந்தேன். மலைமேல் கறுத்தது. ஐந்து நிமிஷத்தில் எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை, அப்படியொரு மழை. ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ரூமுக்குள் ஒதுங்கினேன். ஓடை சத்தம் கேட்டதுதான் தாமதம், ஈஸ்வரபாண்டி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மடைப்பக்கம் ஓடினார். பலவேசம் அவர் பின்னால் ஓடினான். நானும் போனேன்.

நாகஜோதி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். நனைந்த சேலையோடு மடைப்பலகையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஓடை செக்கச்செவேலென்று கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது.

“ஏத்தா, பலகையத் தூக்கு,” என்றார் ஈஸ்வரபாண்டி.

“இன்னைக்கு யார் முறைண்ணே?”

பலவேசம்தான் மெதுவாக, “அண்ணன் முறைதான், அக்கா,” என்றான்.

“அண்ணன் முறையன்னைக்கு ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும் பஞ்சாயத்துன்னு சொன்னாக. நீ இருந்த. தவசியண்ணன் இருந்தாக.”

“சொன்னது நான்தான். நான்தான் இப்பப் போடச் சொல்லுறேன்,” என்றார் ஈஸ்வரபாண்டி.

“அப்பச் சரி. ஒங்க முறை, நீங்க போடலாம். ஆனா வாய்க்கா என் காட்டுல போகுது. அதுல தண்ணி போகணும்னா ஆட்டோ ரெண்டையும் கழட்டணும். ஒங்களுது, பலவேசத்துது, ரெண்டும். அவங்கவங்க முறையன்னைக்கு வந்து, சுவிட்சப் போட்டு, பக்கத்துல நின்னு பாய்ச்சிட்டு, கையால அமத்திட்டுப் போங்க. என் முறையன்னைக்கு ஒங்க போர் ஓடப்படாது. கெணத்துக்கு என்ன முறையோ அதான் போருக்கும்.”

“ஓடை போயிட்டிருக்கு, நாகு.”

“போகட்டும். அது போறத நான் மார்கழியிலயும் பாத்தேன்.”

மழை விடத் தொடங்கியது. இந்தக் காலத்து மழைக்கு நிற்கவும் அவசரம்தான். கரையில் தண்ணீர் ஒரு சாண் இறங்கிவிட்டது. பலவேசத்துக்குப் பொறுக்கவில்லை. “தவசியண்ணே, என் ஆட்டோவக் கழட்டிருங்க,” என்றான். ஈஸ்வரபாண்டி ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு சாண் இறங்கியது. அவர் இடுப்பிலிருந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் என் பக்கம் எறிந்தார்.

“ஏலே, போயிக் கழட்டு.”

நான் சகதியில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். முதலில் ஈஸ்வரபாண்டியின் பெட்டி, அப்புறம் பலவேசத்துடையது. இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து காட்டினேன். நாகஜோதி இரண்டையும் பார்த்தாள். எழுந்து ஒதுங்கி நின்றாள்.

“தூக்குங்கண்ணே.”

பலகை ஊறி இறுகியிருந்தது. ஈஸ்வரபாண்டி குனிந்து இழுத்தார், வரவில்லை. பலவேசம் கை கொடுக்கப் போனான்.

“கை வைக்காதடா,” என்றாள் அவள். “இன்னைக்கு அது அண்ணன் முறை.”

அவர் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டினார். வேட்டி, சட்டை, மீசை எல்லாம் செம்மண். மூன்றாவது இழுப்பில் பலகை பிய்த்துக்கொண்டு வந்தது, அவர் மல்லாந்து விழுந்தார். தண்ணீர் அவரைத் தாண்டி வாய்க்காலில் பாய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, குழி நிரம்புவதையும் கிணற்றுக்குள் அது விழுவதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றை மூடுகிற பேச்சை அதன் பிறகு அவர் எடுத்ததில்லை.

எல்லாம் செழித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஈஸ்வரபாண்டியின் வாழையில் பாதி போய்விட்டது. நாகஜோதியின் கொடியில் தளிர்த்தது கொஞ்சம்தான். மேட்டில் மற்றவர்கள் இன்னமும் ஆட்டோவில்தான் ஓட்டுகிறார்கள், போர் வண்டி இன்னமும் வருகிறது. ஆனால் அந்த மூன்று காட்டிலும் இப்போது மோட்டாருக்கும் முறை இருக்கிறது. அவள் முறையன்று ஈஸ்வரபாண்டியின் போர் ஓடுவதில்லை. வாளி இப்போது பாறையில் மோதுவதில்லை.

கழற்றிய ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் இரண்டும் என் கடை அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. ஈஸ்வரபாண்டி கடைக்கு வரும்போதெல்லாம் அவர் கண் அங்கே போகும். கேட்க மாட்டார். போன வாரம் நாகஜோதி கிணற்று மோட்டார் குழாய்க்கு ஃபுட்வால்வு வாங்க வந்தாள். அவள் கண்ணும் அலமாரிக்குத்தான் போனது.

“அண்ணன் திருப்பிக் கேட்டாகளா?”

“இல்லத்தா.”

“கேட்டா எடுத்துக் குடுங்க. அவுக பொருள்தான,” என்றாள். வால்வைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினவள் திரும்பிப் பார்த்தாள். “குடுத்துட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. பலகைய இறக்கணும்.”